வெற்றுப் பக்கத்தில் போட்ட கையெழுத்து

கம்பம் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் ஏழாவது வார்டு கவுன்சிலர் உமாதேவி. பெண்கள் வார்டாக மாற்றியதும் கணவர் விஜயபாண்டி அவளைத் தேர்தலில் நிறுத்திவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியது அவள்தான். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகும் அக்கம்மாள் கூடவே வந்து, "நம்ம புள்ளை, பி.காம். படிச்சிருக்கு. பூட்டிக் கிடக்குற கக்கூசைத் தொறந்து வைக்கும்" என்று தெருவெல்லாம் சொன்னாள். அந்தத் தெருவில் பாதி வீட்டில் கழிப்பறை கிடையாது. ஜெயித்த மூன்றாம் மாதமே உமாதேவி அந்தப் பொதுக் கழிப்பறையைத் திறந்தும் வைத்தாள். உருப்படியாகச் செய்தது அந்த ஒன்றைத்தான்.

மற்றதெல்லாம் விஜயபாண்டி பார்த்துக்கொண்டார். மன்றக் கூட்டத்தன்று அவர் போய் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். அதற்கு முந்தின நாளே அலுவலக உதவியாளர் சுருளி தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். இன்னும் ஒன்றும் எழுதாத பக்கத்தின் அடியில் உமாதேவி கையெழுத்துப் போடுவாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கூட்டமாவது மண்ணாவது!

ஆவணியில் ஒரு காலை அக்கம்மாளும் பத்துப் பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஆத்தா, கக்கூசை இடிச்சிட்டுக் கடை கட்டப் போறாகளாம். ஜேசிபி வந்து நிக்குது."

உமாதேவிக்குக் கோபம் தலைக்கேறியது. "என் வார்டுல என்னையக் கேக்காம எவன் கை வைப்பான்? வாங்க, பாத்துருவோம்." செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். கவுன்சிலரான இத்தனை நாளில் அன்றுதான் அவளுக்குத் தான் கவுன்சிலர் என்றே தோன்றியது.

நேரே பேரூராட்சி ஆபீசுக்குப் போய்ச் செயல் அலுவலரின் மேசையைத் தட்டிக் கேட்டாள். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. தீர்மானப் புத்தகத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். கழிப்பறையை அகற்றி வணிக வளாகம் கட்ட மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. அடியில் மூன்றாவதாக அவள் கையெழுத்து.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பெண்கள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இது அவுக வீட்டுக்காரரு போட்டதா இருக்கும், சார்" என்றாள் அக்கம்மாள். "இந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம். ஒரு நொடி ஆட்டத்தான் நினைத்தாள், பாவி. அப்படி நினைத்ததற்கே உடம்பு கூசியது.

"இல்ல சின்னம்மா. நான்தான் போட்டேன். எழுதாத தாள்ல போட்டுக் குடுத்தேன்."

ஒருத்தி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மறுப்பு எழுதிக் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் வைப்பதாக அலுவலர் சொன்னார். நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். அடுத்த கூட்டமோ மாதக் கடைசியில். ஜேசிபிக்காரன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டுப் போனான். "இனிமே அந்தப் புத்தகம் இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்று விஜயபாண்டியிடம் சொன்னாள். சொல்லி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அக்கம்மாள் நின்றாள்.

"ஆத்தா, தோட்டத்துப் பக்கம் ஆம்பளையாளுக மருந்தடிக்கிறாக. ஒதுங்க எடமில்ல. உங்க வீட்டுல போய்க்கிறட்டுமா?"

உமாதேவி விலகி வழிவிட்டாள். திரும்பி வந்த அக்கம்மாள், "நீ நல்லா இருப்ப தாயி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட உமாதேவி தாங்கியிருப்பாள். அக்கம்மாள் மனசாரத்தான் சொன்னாள்.