தொட்டுக்க வரைந்த கதவு

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர் கம்பீரம். நாடகக் குழுவின் கதாநாயகர் அவர். சுவரொட்டியில் தன் பெயருக்கு முன்னால் ‘கம்பீரக் குரலோன்’ என்று போடாவிட்டால் மேடை ஏற மாட்டார் என்பதால், அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை அப்படித்தான் சொன்னார்கள். அவள் குழுவில் சேர்ந்த புதிதில் ஒருநாள் நாற்காலியில் சாய்ந்தபடி, “இந்தப் பொண்ணு இங்க என்ன பண்றா?” என்று விசாரித்தார்.

“சீன் வரைவா சார். பாடுவா, ஆடுவா. துணி தைப்பா. நாய் மாதிரி குரைப்பா” என்றார் மேக்கப்காரர்.

“அப்ப எல்லாத்துக்கும் தொட்டுக்கன்னு சொல்லு. தனியா வெச்சா யாரும் சாப்பிட மாட்டாங்க.”

சம்பளம் வாங்கும் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் மட்டும் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, “தொட்டுக்க இல்லாட்டி வெறும் சோறு தொண்டையில நிக்கும் சார்” என்றாள்.

அன்றிலிருந்து அவருக்கு அவளைக் கண்டால் ஆகாது. அவளுக்கும் அவரைக் கண்டால் ஆகாது. இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தொட்டுக்க அடக்கமான பெண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனக்கு என்னென்ன தெரியும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். மேடையில் இடி இடித்தால் அது அவள் தகரத்தை உலுக்கியது. குதிரை ஓடினால் அவள் கையில் இரண்டு கொட்டாங்கச்சி. தொட்டிலில் அழுத குழந்தை அவள். காட்டில் அலறிய நரி அவள். அந்தக் காட்டை வரைந்ததும் அவள். ஊர் ஊராக ஜனங்கள் அவளுக்குக் கை தட்டினார்கள், அவள் முகத்தை மட்டும் ஒருத்தரும் பார்த்ததில்லை.

இதைத்தான் அவளுடைய மாமா பிடித்துக்கொண்டார். அக்காவின் வீட்டுக்காரர், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் பழமொழி இல்லாமல் அவருக்கு இறங்காது.

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்.”

“மரமே பாக்காதவங்க தச்சனப் பத்திப் பேசக் கூடாது மாமா.”

“வாயப் பாரு” என்று மாமா அக்காவின் பக்கம் திரும்பினார். “ஏண்டி, உன் தங்கச்சி நாடகத்துல இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். வந்து பாத்தவன் எல்லாம் எங்க இருந்தான்னு என்னத்தான் கேக்குறான்.”

அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை நங்கென்று வைத்தாள். “கேட்டா, நரி கத்துச்சே, அதுதான் எங்க தங்கச்சின்னு சொல்லுங்க” என்றாள். தங்கையின் பக்கம் பேசுகிறாளா, புருஷன் பக்கம் பேசுகிறாளா என்று அக்கா எப்போதும் தெரியவிட மாட்டாள்.

கடைசியில் மாமா ஒரு கெடு வைத்தார். அடுத்த நாடகத்திலும் அவள் முகம் மேடையில் தெரியவில்லை என்றால், மறுநாளே கண்ணாடிக் கடைக்கு வந்து உட்கார வேண்டும். “சரி” என்றாள். கோபத்தில் சொன்ன சரி. ஆனாலும் சரி சரிதான்.

அந்த அடுத்த நாடகத்தில் அண்ணனாகக் கம்பீரம். தங்கை வேடத்துக்கு ஆள் தேடியபோது குழுவின் முதலாளி அவளைப் பாடிக் காட்டச் சொன்னார். அண்ணன் வீட்டை விட்டு வெளியேறிய பிறகு தங்கை தனியாக நின்று பாடும் பாட்டு. பாடி முடித்ததும் முதலாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நீதாம்மா தங்கச்சி” என்றார். அவள் அன்று தெருவில் நடக்கவில்லை, மிதந்தாள்.

மறுநாள் காலையில் கம்பீரம் தன் மச்சினியை அழைத்துக்கொண்டு வந்தார்.

“இதுதான் தங்கச்சி” என்றார்.

“பாடத் தெரியுமா சார்?” முதலாளி மென்று விழுங்கினார்.

“முகம் இருக்கு. குரலுக்கு என்ன, தொட்டுக்க இருக்காளே. பின்னாடி நின்னு பாடட்டும், இவ வாயசைக்கட்டும். ஜனங்க காதாலயா பாக்குறாங்க?”

தொட்டுக்க முதலாளியைப் பார்த்தாள். முதலாளி சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார். “அடுத்த நாடகத்துல பாத்துக்கலாம்மா” என்றார் பல்லியிடம்.

ஆக, அவளுக்குக் கிடைத்தது செட் வேலை. பணக்கார வீட்டுக் கூடம் என்பதால் இரண்டு பக்கமும் கதவு வேண்டும் என்றார் முதலாளி. செட் ஏற்றிப் போகும் வேனில் ஒரு நிஜக் கதவுக்குத்தான் இடம். அது இடது பக்கம் நின்றது. வலது பக்கத்துக்கு அவள் ஒரு மரத்தட்டியில் கதவு வரைந்தாள். கோபத்தில் இருப்பவர்கள் வேலையைக் கெடுப்பார்கள். தொட்டுக்க கோபம் வந்தால் வேலையைச் சுத்தமாகச் செய்வாள். மரத்தின் ரேகை, கைபட்டு மினுங்கிய பித்தளைக் கைப்பிடி, கீழே குழந்தைகள் உதைத்த தழும்பு, லேசாகத் திறந்திருப்பது போல ஓரத்தில் ஒரு நிழல். முதலாளியே ஒருமுறை குடையை அதில் மாட்டப் போய்க் கீழே போட்டார்.

இப்போது இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, கம்பீரம் ஒத்திகைக்கு வருவதில்லை. அது வசனம் மறப்பவர்களுக்கு என்பது அவர் கொள்கை. பழைய செட்டில் வலது பக்கம்தான் வாசல், அவர் கால்களுக்கு அதுதான் பாடம். இரண்டு, கம்பீரத்துக்குக் கண் சரியாகத் தெரியாது. இந்த ரகசியம் மாமாவின் வீட்டைத் தாண்டிப் போனதில்லை. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் கடைக்கு வந்து கண்ணாடி வாங்கிப் போயிருக்கிறார் கம்பீரம். மேடையில் அதைப் போட மாட்டார், கம்பீரம் போய்விடுமாம். “அந்த மனுஷனுக்கு எதிர்ல நிக்கிறது யானையா வாசலான்னு தெரியாது” என்று மாமா வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வலது கதவு படம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். யார் சொல்வது? மேக்கப்காரர் சொல்லியிருப்பார் என்று முதலாளி நினைத்தார். முதலாளி சொல்லியிருப்பார் என்று மேக்கப்காரர் நினைத்தார். பூனைக்கு அடுத்தவன் மணி கட்டிவிட்டான் என்று எல்லா எலியும் நிம்மதியாக இருந்தது.

முதல் காட்சி அன்று சாயங்காலம் தொட்டுக்கதான் போனாள். போனாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அவளைத் திட்டுவதற்கு முன் நினைத்துக்கொள்ள உதவும். கம்பீரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் பவுடர் ஏறியிருந்தது. பவுடர் பட்டுவிட்டால் அவரிடம் யாரும் பேசக் கூடாது என்பது குழுவின் சட்டம். பாத்திரத்துக்குள் இறங்கிக்கொண்டிருப்பாராம், நடுவில் கூப்பிட்டால் கிணற்றில் பாதியில் தொங்குபவர் கதியாகிவிடுமாம்.

“சார், அந்த வலது பக்கக் கதவு...”

கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை உயர்த்தினார்.

“இல்ல சார், ஒரே ஒரு வார்த்தை...”

விரல் அசைந்தது, ஈ ஓட்டுவது போல. பக்கத்தில் பொட்டுச் சரிசெய்துகொண்டிருந்த மச்சினி, “ஏண்டி, உனக்கு வாய மூடவே தெரியாதா?” என்றாள்.

பிறந்ததிலிருந்து எல்லாரும் அவளிடம் சொல்லிவந்த ஒரே புத்திமதி அதுதான். தொட்டுக்க ஒரு கணம் நின்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டாள். கேட்கும்போது அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது.

முன்வரிசையில் அக்காவும் மாமாவும் இருந்தார்கள். மாமா கடைக்குப் புது ஆள் கிடைத்த முகத்தோடு கால்மேல் கால் போட்டிருந்தார். மேடையில் அண்ணன் உறுமினார்: “இனி செத்தாலும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்!” துண்டை உதறித் தோளில் போட்டு, சிங்கம் போலத் திரும்பி, வலது பக்கம் விறுவிறுவென்று நடந்து, கதவில் மோதினார்.

சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. தட்டிக்குப் பின்னால் ஒலிவாங்கியோடு நின்ற தொட்டுக்க, முட்டுக்கட்டை சறுக்குவதைப் பார்த்தாள். பாய்ந்து முதுகைக் கொடுத்துத் தட்டியைத் தாங்கினாள். அந்தப் பக்கம் கம்பீரம் கைப்பிடியைத் தேடித் தடவினார். பித்தளை கையில் வரவில்லை. “எவன்டா பூட்டினது?” என்று தோளால் இடித்தார். ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். குழம்பிப்போன வாத்தியக்காரர்கள் தங்கையின் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

தொட்டுக்க பாடினாள். முதுகில் தட்டி, தட்டிக்கு அந்தப் பக்கம் கதாநாயகர். தாங்கிக்கொண்டே இருந்தால் பாட்டு முடியும், திரை இறங்கும், நாளைக்குக் கண்ணாடிக் கடை. இத்தனை வருஷமும் இப்படித்தானே முதுகைக் கொடுத்து நின்றிருக்கிறாள். மூன்றாவது தடவை அவர் இடித்தபோது அவள் ஒரு அடி, ஒரே ஒரு அடி, பக்கவாட்டில் நகர்ந்தாள்.

தட்டி மல்லாந்து விழுந்தது. அதன் மேல் கம்பீரம் குப்புற விழுந்தார். தூசி அடங்கியபோது வாசல் இருந்த இடத்தில் ஒரு பெண் நின்று பாடிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பச்சைப் பெயிண்ட். இடுப்பில் இடி இடிக்கும் தகரம். அவள் பாட்டை நிறுத்தவில்லை. மச்சினி அந்தப் பக்கம் இன்னும் வாயசைத்துக்கொண்டிருந்தாள். பாவம், நிறுத்தச் சொல்லி அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சிரித்த ஜனங்கள் பாட்டின் இரண்டாவது வரியில் அடங்கினார்கள். முடிந்தபோது எழுந்து நின்றார்கள்.

“அவ இருந்தா நான் இல்ல” என்றார் கம்பீரம், மூக்கில் பஞ்சோடு. முதலாளி மறுபடி பல்லியைத் தேடினார். அன்றே அவள் வேலை போயிற்று.

“உன் மூஞ்சி தெரிஞ்சுது, ஒத்துக்கறேன்” என்றார் மாமா. “பந்தயம் உன்னுது. வேலைதான் போச்சு. வா, கடையில உக்காரு.”

உட்கார்ந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் அவர்கள் கேட்ட கண்ணாடிச் சட்டம் முகத்துக்குப் பொருந்தாது என்று உண்மையைச் சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒருநாள் முதலாளி முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். கண்ணில் கோளாறு என்றார்.

“மேல் வரியப் படிங்க.”

“அது... அடுத்த ஊர்ல ஜனங்க கத்துறாங்கம்மா. கதவு எப்ப விழும்னு கேக்குறாங்க. அந்தப் பொண்ணு எங்கன்னு செருப்ப வீசுறாங்க.”

“அடுத்த வரி.”

“நீ திரும்பி வரணும்.”

“எந்த வேஷத்துக்கு?”

“தங்கச்சிதான். மச்சினிய என்ன பண்றது?”

“நாய் மாதிரி குரைக்கத் தெரியுமான்னு கேட்டுப் பாருங்க.”

“கம்பீரம் தினமும் கதவுல முட்டணுமே, ஒத்துக்குவாரா?”

“கை தட்டுறாங்கன்னு சொல்லுங்க. சுவத்துலயே முட்டுவார்.”

ஒத்துக்கொண்டார். ஊர் ஊராக முட்டினார். கைதட்டல் தனக்குத்தான் என்று நம்பினார். சுவரொட்டியில் அவர் பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில் ‘தொட்டுக்க’ என்று போட்டார்கள். எழுத்தை வரைந்தவளும் அவளே என்பதால், அளவு கொஞ்சம் கூடியிருக்கலாம். கதவுக்கு மாசத்துக்கு ஒருமுறை புது வர்ணம் பூசுவாள். கம்பீரத்தின் மூக்கு படும் இடத்தில் மட்டும் பலகை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கனத்துக்கொண்டே போவதாக மேக்கப்காரர் சொல்வார்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒருநாள் சாயங்காலம், அவள் கண்ணை மூடிப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது, கம்பீரமே வந்து பக்கத்தில் நின்றார்.

“ஏம்மா, அந்த மேடைப் படி...”

கண்ணைத் திறக்காமல் அவள் ஒரு விரலை உயர்த்தினாள். அவர் திரும்பிப் போனார். போகும்போது சிரித்த சத்தம் கேட்டாற்போல இருந்தது.

அன்று மேடைக்குப் போகும்போது தொட்டுக்க ஒவ்வொரு படியையும் கால் விரலால் தட்டிப் பார்த்துத்தான் ஏறினாள்.