எஃப்ராயிம் பர்செலின் முதுகுப் பக்கம்

அந்தக் கோடையில் மல்பெரி ஹாலோவில் ஒரு வதந்தி சுற்றியது. தபால் நிலைய ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் ஐவா டீஹீ, தன் வீட்டு ஃப்ரீசரில் செத்தவர்களை வைத்திருக்கிறாளாம். எத்தனை பேர் என்பதில்தான் ஊருக்குள் ஒற்றுமை இல்லை. தீவனக் கடையில் நாற்பது என்றார்கள். பாப்டிஸ்ட் சர்ச் வாசலில் அது இருநூறாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தாராளம்.

சரிபார்த்ததில் இரண்டு கணக்கும் தப்பு. பார்த்த அன்று உள்ளே இருந்தவர்கள் பதினேழு பேர். மான்கறிக்குக் கீழே, ஹிக்கரிக் கொட்டையை இடித்து உருட்டி வைத்த கனூச்சி உருண்டைகளுக்கு மேலே, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில், இரங்கல் செய்தி அளவுக்குச் சுருங்கிப் படுத்திருந்தார்கள். காகிதம் தின்னும் பூச்சி மூன்று நாள் குளிரில் செத்துப்போகும். அதனால் புதிதாகக் கைக்கு வரும் பேப்பர் கட்டிங் எதுவானாலும் ஐவா முதலில் அதை உறைய வைப்பாள். மூன்றாம் நாள் எடுத்து, குளிர் போக வைத்து, ஆல்பத்தில் சேர்ப்பாள். ஆக, வதந்தி பொய்யில்லை. கொஞ்சம் விவரம் குறைவு, அவ்வளவுதான்.

அவளிடம் நாற்பத்தாறு ஆல்பங்கள் இருந்தன. கவுண்டியின் வாரப் பத்திரிகை அலுவலகம் 1944இல் எரிந்தபோது பழைய இதழ்கள் மொத்தமும் போய்விட்டன. அதற்கு முன்னால் யார் பிறந்தார்கள், யார் குதிரை யார் சோளத்தைத் தின்றது, யார் வீட்டில் யார் ஞாயிறு விருந்து சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் ஊர்க்காரர்களின் பைபிளுக்குள்ளும் பிஸ்கட் டின்னுக்குள்ளும் வெட்டி வைத்த துண்டுகளாகத்தான் மிஞ்சியிருந்தது. அந்த டின்களை ஐவா வீடு வீடாகப் போய் வாங்கி வந்தாள். காசு வாங்கமாட்டாள். குடும்பவாரியாகப் பிரித்து, தேதி போட்டு வைத்திருந்து, கேட்டால் திருப்பிக் கொடுப்பாள். இரண்டு நிபந்தனைகள் அவளே போட்டுக்கொண்டவை. ஒன்று, ஒவ்வொரு துண்டையும் முன்னும் பின்னும் அவள் படித்துவிட்டுத்தான் தருவாள். இரண்டு, அடுத்தவர் ஒட்டியதை அவர் சொல்லாமல் பிரிக்கமாட்டாள்.

ஐவாவின் இனமான செரோக்கிப் பழங்குடிக் குடும்பங்கள் டின்னைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடும். வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒரு கோரிக்கையும் சேர்த்துக் கொடுக்கும்.

"ஐவா, எங்க பாட்டியோட பாட்டி ஒரு செரோக்கி இளவரசி. அது எங்கயாவது பேப்பர்ல வந்திருக்கான்னு பாரேன்" என்பார் தீவனக் கடை வெண்டல் பர்செல்.

"எங்களுக்கு ராஜாவே கெடையாதே, வெண்டல். அரண்மனையும் கெடையாது. இந்தக் கவுண்டியில மட்டும் எப்படி முப்பத்திரெண்டு இளவரசிங்க பொறந்தாங்கன்னு நானும்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"கெடைச்சா சொல்லு."

"கெடைச்சா கிரீடத்தோட அனுப்பி வைக்கிறேன்."

ஐவா சரித்திரத்தின் மேல் இருக்கும் ஆசையில் இதெல்லாம் செய்கிறாள் என்று ஊர் நம்பியது. ஒரு சுதந்திர தினத்தன்று மேடைக்குக் கூப்பிட்டு மரப் பலகையில் பெயர் பொறித்துக்கூடக் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு வந்து கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்தாள். அவள் தேடியது சரித்திரம் இல்லை. மூன்று வரி.

1937 நவம்பரில் ஐவாவுக்குப் பதினான்கு வயது. எழுபது மைல் தள்ளி, அரசாங்கம் செவ்விந்தியப் பிள்ளைகளுக்காக நடத்திய விடுதிப் பள்ளியில் இருந்தாள். அங்கே வரும் கடிதத்தையெல்லாம் மேட்ரன் பிரித்துப் படித்துவிட்டு, பிடித்திருந்தால் கொடுப்பாள். இது மல்பெரி ஹாலோவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் பிள்ளைகளுக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் வாரப் பத்திரிகையைத்தான் நம்பினார்கள். அதில் 'மல்பெரி ஹாலோ குறிப்புகள்' எழுதும் லவ்லேடி அம்மாளிடம் போய்ச் சொன்னால் அவள் அப்படியே போட்டுவிடுவாள். 'கோழிக் காய்ச்சலில் ஹோக்னர் வீட்டில் ஒன்பது போயின. பள்ளியிலிருக்கும் டாமிக்குச் சொல்ல: உன் சேவல் தப்பித்தது.' பத்திரிகை பள்ளியின் படிப்பறைக்கு வரும். மேட்ரன் அதன் தலைப்புச் செய்திகளை மட்டும் படிப்பாள்.

அந்த நவம்பரில் ஐவாவின் அக்கா லூசிண்டா கலிபோர்னியா கிளம்பினாள். பத்தொன்பது வயது. பஞ்சு எடுக்கப் போகும் ஒரு குடும்பத்தின் லாரியில் ஓரத்தில் இடம் கிடைத்தது. அந்த வாரம் ஐவா அம்மை போட்டு மருத்துவ அறையில் படுத்திருந்தாள். எழுந்து வந்து பத்திரிகையைக் கேட்டபோது, அதை வைத்து ஜன்னல் கண்ணாடி துடைத்தாகிவிட்டது.

கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்தவளிடம் அம்மா சொன்னாள்: "உனக்குச் சொல்ல வேண்டியத பேப்பர்ல போட்டிருக்கேன்னு சொல்லிட்டுத்தான் போனா."

"என்ன சொன்னா?"

"எனக்கெப்படித் தெரியும்? அது வெள்ளைக்காரங்க எழுத்து."

அம்மா படித்ததெல்லாம் செரோக்கி எழுத்தில் அச்சடித்த வேதாகமம் ஒன்றுதான். லவ்லேடி அம்மாளிடம் போய்க் கேட்டால், "வாரத்துக்கு இருபது பேர் வந்து சொல்றாங்க கண்ணு. ஞாபகம் வெச்சுக்கணும்னா நான் ஏன் எழுதறேன்?" என்றாள். அந்த இதழை ஐவா ஊரெல்லாம் தேடினாள். ஏழு மாதப் பழைய பத்திரிகை அடுப்புக்குள் போயிருக்கும், குளிர் புகாமல் மரச் சுவரில் ஒட்டியாகியிருக்கும், இல்லை வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் அந்தச் சின்ன அறையில் ஆணியில் தொங்கித் தன் கடமையை முடித்திருக்கும். லூசிண்டாவிடமிருந்து ஆரஞ்சு மரம் போட்ட ஒரு தபால் அட்டை வந்தது. திருப்பி எழுத விலாசம் இல்லை. அதோடு சரி.

அதற்கப்புறம் ஐவா தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தொன்பது வருஷமாகக் கலிபோர்னியா முத்திரை விழுந்த கடிதம் ஒவ்வொன்றும் அவள் கை வழியாகத்தான் அடுத்தவர் பெட்டிக்குள் போயிற்று. அவள் ஏன் இந்த வேலைக்கு வந்தாள் என்று யாரும் கேட்டதில்லை.

1978 ஜூலையில் வெண்டல் பர்செல் ஜன்னலில் வந்து நின்றார்.

"எங்க தாத்தா கட்டிங் உங்கிட்ட இருக்குல்ல? அம்மா ஐம்பத்தொண்ணுல குடுத்தாங்களே."

"இருக்கு. கடன்தான். எப்ப வேணா வாங்கிக்க."

"ஆகஸ்ட் முதல் ஞாயிறு பர்செல் குடும்பம் மொத்தமும் கூடறோம். நூத்தியிருபது பேர். தாத்தாவ கண்ணாடி போட்டு மாட்டப் போறேன். அது ஏதோ விதைக் கம்பெனி காலண்டர் அட்டை மேல ஒட்டியிருக்கு, பழுப்படிச்சுக் கெடக்கு. அதப் பிரிச்சுக் குடேன்."

"நீயே சொல்றியா? அப்புறம் கிழிஞ்சா என்னைக் கேக்கக் கூடாது."

"உன் கை கிழிக்காது. சர்க்கார் தபால்தலையையே ஆவி காட்டிப் பிரிக்கிற ஆளு நீ."

"சத்தமா சொல்லாத. வாஷிங்டன்ல கேட்டுடப் போகுது."

வெண்டலின் தாத்தா எஃப்ராயிம் பர்செல், ஆல்பத்தில் அடங்காத அட்டைகளை அவள் வைத்திருந்த எட்டாவது பெட்டியில் இருந்தார். பெரிய கட்டிங், இரண்டு பத்தி அகலம். 'மனித நடமாட்டமே இல்லாத காட்டில் முதல் வீட்டைக் கட்டியவர்' என்று அதில் போட்டிருந்தது. அந்த வீட்டுக்கு உத்தரம் தூக்கியது ஐவாவின் தாத்தா. கூரைக்கு மரப்பலகை பிளந்தது தாத்தாவின் தம்பி. இரண்டு பேரும் மனிதர்களாக நடமாடவில்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை பிற்பகல், ஒன்றுவிட்ட தங்கை ஓபல் பின்கட்டில் உட்கார்ந்து கொட்டை இடித்துக்கொண்டிருந்தாள். ஐவா சமையல் மேஜையில் ஈரத்துணியை விரித்து, அட்டையை அதன்மேல் கவிழ்த்தாள். மாவுப் பசை, நாற்பது வருஷம் போனாலும் தண்ணீரைக் கண்டால் இளகிவிடும். அரை மணி நேரம் கழித்து வெண்ணெய்க் கத்தியை ஓரத்தில் கொடுத்து நகர்த்தினாள். எஃப்ராயிம் முனகாமல் கழன்று வந்தார். உலர்த்துவதற்காகத் திருப்பிப் போட்டாள்.

முதுகுப் பக்கத்தில் 'மல்பெரி ஹாலோ குறிப்புகள்' இருந்தது.

'ஸ்டீலர் வீட்டில் ஞாயிறு விருந்து, வாத்து. ஓடை மறுபடி பாலத்துக்கு மேல் போகிறது. செவ்வாய்க்கிழமை மிஸ் லூசிண்டா டீஹீ கலிபோர்னியா புறப்பட்டார். பள்ளியிலிருக்கும் தங்கை ஐவாவுக்குச் சொல்ல: அழ வேண்டாம், அந்த நீல'

அதற்குக் கீழே காகிதம் இல்லை. வெண்டலின் அம்மா நேராக வெட்டியிருந்தாள். தாத்தாவைச் சுற்றி ஒரு நூல்கூடக் கோணாமல்.

பின்கட்டில் உலக்கைச் சத்தம் நின்றது. "என்னக்கா, பேச்சு மூச்சைக் காணோம்? கிழிஞ்சிருச்சா?"

"நம்ம வீட்டுல நீலமா என்னடி இருந்துச்சு?"

ஓபல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படித்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்கம்மாவோட போர்வை நீலம்தான்."

"அது பச்சை. வெளுத்து நீலமாச்சு."

"காப்பிக் குண்டான்?"

"அது நீலம். வெள்ளைப் புள்ளி போட்டது. ஆனா அதையா சொல்வா? அவளோட கோட்டு நீலம். அதப் போட்டுக்கிட்டுத்தான் போயிருப்பா, நவம்பராச்சே. விட்டுட்டுப் போறேன், நீ போட்டுக்கோன்னு சொன்னாளா? நான் வந்தப்ப அந்தக் கோட்டு இல்லையே."

"உங்கம்மா யாருக்காவது குடுத்திருப்பாங்க."

"இல்ல, ரிப்பனா? ஆத்துல ஒரு நீலப் படகு இருந்துச்சே, அக்கரை ஆளோடது?"

"அக்கா. இருபத்தேழு வருஷமா இது உன் பெட்டிக்குள்ளயே இருந்திருக்கு."

"தெரியும்."

"ஒரு தடவை நனைச்சுப் பாத்திருந்தா..."

"அடுத்தவங்க ஒட்டினதுடி. எப்படிப் பிரிப்பேன்?"

ஓபல் எழுந்து போய், இடித்த கொட்டையை அள்ளி உருட்டத் தொடங்கினாள். அன்றைக்கு உருண்டைகள் அளவில் ஒன்றுக்கொன்று சேரவில்லை.

திங்கட்கிழமை மாலை வெண்டல் வீட்டுக்கே வந்தார். ஐவா கட்டிங்கை முதுகுப் பக்கம் மேலாக வைத்துக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிப் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இது எங்கம்மா கத்தரிக்கோல்."

"ஆமா. நேரா வெட்டுவாங்க."

"மிச்சப் பேப்பர அவங்க..."

"அடுப்பு மூட்டியிருப்பாங்க. எல்லாரும் அதுக்குத்தான் வெச்சுக்கிட்டாங்க."

வெண்டல் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றினார். "லூசிண்டா எனக்கு நீச்சல் கத்துக் குடுத்தா, தெரியுமா? நான் மூழ்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி விளையாடுவா." "ஒண்ணு செய். நீ ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோ. நூலகத்துல மெஷின் வந்திருக்கு."

"நீ எடுத்துக்கோயேன்."

"நான் ஃப்ரேம் போடணும், ஐவா. நூத்தியிருபது பேரு. தாத்தாவோட நிஜக் காகிதம் வேணும்."

"ஃப்ரேம் போட்டா உங்க தாத்தா ஊரப் பாப்பாரு. அவ மறுபடி சுவரப் பாத்துக்கிட்டு நிப்பா."

இருந்தாலும் வெண்டல் கையை நீட்டினார். அது அவருடைய தாத்தா. ஐவா கட்டிங்கின் ஓரத்தை விரலால் தொட்டாள். அது பொரித்த அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

"ஈரமா இருக்கு" என்றாள். "காயட்டும்."

வெண்டலும் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா," என்று கையை எடுத்துக்கொண்டார், "ஈரமாத்தான் இருக்கு."

ஆகஸ்டில் பர்செல் குடும்பம் கூடியது. ஜெராக்ஸ் எஃப்ராயிம் கண்ணாடிக்குள் கறுப்படித்து நின்றார். யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் இளவரசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெண்டல் சனிக்கிழமைதோறும் தபால்தலை வாங்க வருவார். ஒன்றே ஒன்று வாங்குவார்.

"காஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"என்ன வெயில் அடிக்குது!"

"கெட்டிக் காகிதம், வெண்டல்."

நவம்பரில் முதல் பனி விழுந்தது. அந்தச் சனிக்கிழமை அவர் தபால்தலையை வாங்கிய பிறகும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"அம்மாவோட தையல் பெட்டி மச்சுல கெடக்கு. அடியில பேப்பர் விரிச்சிருப்பாங்க. நாளைக்கு இறக்கறேன். ஒண்ணும் இருக்காது."

"இருக்காது" என்றாள் ஐவா.

"பாத்துட்டு வந்து சொல்றேன். அதுக்குள்ள எங்க தாத்தாவ நீ காய வை."

ஐவா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "பனிக்காலமாச்சே" என்றாள். "இப்ப எங்க காயும்?"