காப்புக் கயிறோடு ஒரு கால்பந்து ஆட்டம்: யாங்கோனில் நான் பார்த்த அநியாயம்

கோபத்தோடு எழுதக் கூடாது என்று இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆறாததை ஆறிவிட்ட மாதிரி எழுத எனக்கு வராது, அதனால் அப்படியே எழுதுகிறேன். யாங்கோன் போகத் திட்டம் போட்டிருப்பவர்களுக்கு வழி, செலவு, நேரம் எல்லாம் நடுநடுவே வரும். பொறுமையாகப் படியுங்கள்.

இந்த மார்ச் மாதம் ஒன்பது நாள் அங்கே இருந்தேன். போனது பகோடா பார்க்க அல்ல, கால்பந்து பார்க்க. என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பிறந்தது திருச்சி பொன்மலை, ரயில்வே குவார்ட்டர்ஸ். வீட்டு வாசலில் பந்து உருளாத நாள் கிடையாது. இப்போது இருப்பது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் ஒரு சின்ன ஊர். அங்கே வட்டார லீக்கில் ஆடும் அணிக்குச் சனிக்கிழமைகளில் கேன்டீன் பார்த்துக்கொள்கிறேன். வாரம் முழுக்க பிளம்பராகவும் லாரி டிரைவராகவும் இருப்பவர்கள் சனிக்கிழமை மட்டும் ஆட்டக்காரர்கள். ஆட்டத்துக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும், முழங்கால் வலி நிறையக் கிடைக்கும்.

அதே மாதிரி ஒரு லீக் யாங்கோனிலும் உண்டு என்று சொன்னவன் கண்ணன். என் தாத்தாவின் தம்பி யாங்கோனின் இன்சீன் பகுதி ரயில்வே பட்டறைக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர், அவருடைய பேரன். எனக்குத் தம்பி முறை. வயது முப்பத்திரண்டு, பகலில் மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை. இன்சீன் அணியின் முன்கள ஆட்டக்காரன். மழை விட்டதும் நவம்பரில் சீசன் தொடங்கும், மார்ச்சில் முடியும். பத்து அணிகள். ஆட்டத்துக்கு முப்பதாயிரம் கியாட் கிடைக்கும், அது மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸுக்கும் ரயிலுக்கும் சரியாகப் போய்விடும். ஆனால் முதலிடம் பிடித்தால் மேல் டிவிஷன், மாதச் சம்பளம். "அக்கா, கடைசி ஆட்டம் ஜெயிச்சா மேல போயிடுவோம். எனக்கு இதுதான் கடைசி சான்ஸ், அடுத்த வருஷம் முட்டி கேக்காது. வந்து பாருங்க" என்று போனில் சொன்னான். டிக்கெட் போட்டுவிட்டேன்.

மெல்பர்னிலிருந்து பாங்காக் வழியாகப் போனேன். இ-விசா நாலு நாளில் வந்தது. விமான நிலையத்திலிருந்து இன்சீன் எட்டுக் கிலோமீட்டர், டாக்சிக்குப் பதினைந்தாயிரம் கியாட் கொடுத்தேன். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்க முடியாது, உரிமம் உள்ள ஓட்டலில்தான் தங்கவேண்டும். நாளுக்கு முப்பது டாலர். ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டுவிட்டு அறை போடுங்கள், இல்லையென்றால் மார்ச் வெயிலில் வெந்துபோவீர்கள்.

கண்ணன் வீட்டுக்குப் போனதும் முதலில் கண்ணில் பட்டது அவன் வலது மணிக்கட்டில் இருந்த கயிறு. மஞ்சள் துண்டு வைத்து முடிந்த காப்பு. ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் பூமிதி, ஆட்டம் அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை. அவன் மனைவி செல்விதான் சொன்னாள்: "மழைக்காலத்துல மீனாவுக்கு டெங்கு வந்துச்சுக்கா. பிள்ளை கண்ணே தொறக்கல. ஆஸ்பத்திரி வாசல்லயே நேந்துக்கிட்டாரு." மீனாவுக்கு ஆறு வயது. இப்போது நன்றாக இருக்கிறாள், கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை அப்பிக்கொண்டு என் பையைக் குடைந்துகொண்டிருந்தாள். அப்பா கையில் உள்ள கயிறு தனக்காகக் கட்டியது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஆட்டம் க்யிம்யிண்டைங்கில், படகுத்துறைப் பக்கம் ஒரு மைதானத்தில். செல்வி, மீனாவோடு நானும் போனேன். இன்சீனிலிருந்து நகரைச் சுற்றும் வட்ட ரயிலில் முக்கால் மணி நேரம், கட்டணம் இருநூறு கியாட். டாக்சி எடுக்காதீர்கள், இந்த ரயில்தான் யாங்கோன். தர்பூசணி, அவித்த காடை முட்டை, வெற்றிலை என்று கூடை கூடையாக ஏறும். எதிரணி டாலாவிலிருந்து ஆற்றைக் கடந்து வந்திருந்தது. அவர்கள் கேப்டன் கோ அவுங் அங்கே சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர், கால்கள் இரும்பு. பட்டியலில் நடுவில் இருந்த அணி, அவர்களுக்கு இந்த ஆட்டத்தில் போவதும் இல்லை, வருவதும் இல்லை. நமக்கு ஜெயித்தே ஆகவேண்டும், சமன் ஆனால் போச்சு.

ஆட்டம் மூன்றரைக்கு. மூன்றேகாலுக்கு நடுவர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஷூ, மோதிரம், சங்கிலி பார்த்தார். கண்ணன் முன்னால் வந்ததும் நின்றார். கயிற்றைக் காட்டி ஏதோ சொன்னார்.

"நகையாம் அக்கா" என்றாள் செல்வி. "கழட்டினாத்தான் ஆட விடுவாராம்."

விதி எனக்கும் தெரியும். எங்கள் ஊர் லீக்கில் ஒரு தடவை இடது பின்கள ஆட்டக்காரனின் கல்யாண மோதிரத்தை சோப்பு போட்டுக் கழற்ற வைத்தார் நடுவர். நான்தான் கேன்டீனிலிருந்து சோப்பு கொண்டுபோனேன். ஆனால் எதிரணிக்காரன் மோதிரத்துக்கும் அதே சோப்புதான். இங்கே என்ன நடந்தது தெரியுமா? அடுத்து நின்ற கோ அவுங் கையிலும் நூல் இருந்தது! பிக்குகள் ஓதிக் கட்டிய வெள்ளை நூல். டாலா அணியில் இன்னும் மூன்று பேர் கையிலும் இருந்தது. நடுவர் பார்த்தார், தாண்டிப் போனார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? கோட்டுக்கு வெளியே நின்று, "அதுக்கு மட்டும் என்ன, கண்ணு தெரியலையா?" என்று தமிழிலேயே கத்தினேன். செல்வி பதறிப்போனாள், இருந்தாலும் பர்மியத்தில் மரியாதையாகக் கேட்டாள். "அது ஓதின நூலு, அது வேற. இது அலங்காரம்ங்கிறாரு" என்று திரும்பி வந்து சொன்னாள். அலங்காரமாம்! மஞ்சள் கிழங்கை முடிந்து அலங்காரம் பண்ணிக்கொள்ள அவன் என்ன மாப்பிள்ளையா?

கோ அவுங்கைக் குறை சொல்லவே மாட்டேன். நடுவரிடம் அவரே போய், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆடட்டும் என்றார். "மயபூ" என்றார் நடுவர். முடியாது என்றால் முடியாது.

நடுவரைவிட எனக்கு வயிறு எரிந்தது நம் ஆளைப் பார்த்துத்தான். அணியின் செயலாளர் ஊ ராஜு ('ஊ' என்றால் அங்கே 'ஐயா' மாதிரி), ஜவுளிக்கடை வைத்திருக்கும் தமிழர், நெற்றி நிறைய திருநீறு. பையிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு வந்தார். "டேய் கண்ணா, கயிறுதானே? அறுத்துட்டு ஆடு. சாயங்காலம் நானே புதுசு வாங்கிக் கட்டிவிடுறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ண்ணே" என்றான் கண்ணன்.

"சீசன் பூரா உழைச்சது வீணாப் போகணுமா? பதினோரு பேர் வயித்துல அடிக்காதடா!"

"பூசாரி கட்டினது, பூசாரிதான் அவுக்கணும். நான் வெளிய உக்காந்துக்கிறேன், தம்பிங்க ஆடட்டும்."

அப்போதுதான் கோல்கீப்பர் கோ தெட் வந்தான். ஒல்லி, அதிகம் பேசாத பையன். தன் கையுறை இரண்டையும் கழற்றிக் கண்ணன் கையில் திணித்தான், சட்டையையும் கழற்றினான். கையுறை மாட்டினால் மணிக்கட்டு மூடிவிடும். நடுவர் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகை இல்லையாம். ஆபத்து என்றால் கையுறைக்குள்ளும் ஆபத்துதானே ஐயா?

ஆக, லீக்கிலேயே அதிகம் கோல் போட்டவன் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றான். கோல்கீப்பர் முன்களத்தில் ஓடினான். பாவம் தெட், பந்து காலுக்கு வந்தால் கையால் எடுக்கத்தான் அவனுக்கு மனசு போகிறது. சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். கண்ணன் பயிற்சி இல்லாமலே நாலு பந்து தடுத்தான், ஒன்று முகத்தாலேயே. நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த தாத்தா எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

எண்பத்தைந்தாவது நிமிடம், இன்னும் கோல் இல்லை. டாலா ஆட்டக்காரன் ஒருவன் கையில் பந்து பட்டது. பெனால்டி! சீசன் முழுக்க பெனால்டி அடித்தது கண்ணன்தான். அந்தக் கோடியிலிருந்து கையுறையோடு நடந்து வந்தான். கோல்கீப்பர் பெனால்டி அடிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நடுவர் துணை நடுவரைப் பார்த்தார், அவர் தலையாட்டினார். மைதானமே எழுந்து நின்றது. மீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடித்தான். பந்து மேல்கம்பத்தில் இடித்துத் திரும்பி வந்தது. கோ அவுங் அதை வாங்கிக்கொண்டு ஓடினார். முன்னால் யாருமில்லை. கோல் கம்பத்தில் நிற்கவேண்டியவன் இந்தப் பக்கம் இருக்கிறான். கண்ணன் பின்னாலேயே ஓடினான், தெட்டும் ஓடினான், எட்டவில்லை. காலி கோலுக்குள் மெதுவாக உருட்டிவிட்டார். அவர் கையைத் தூக்கக்கூட இல்லை.

ஒன்றுக்குப் பூஜ்யம், முடிந்தது. மேல் டிவிஷன் போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் கோ அவுங் கண்ணனிடம் வந்து, "ஆனாதே" என்றார். செய்ததற்கு மனசு கூசுகிறது என்று சொல்ல அவர்களிடம் இருக்கும் சொல் அது. "நீ ஆட்டத்தை ஆடுன, அவ்வளவுதான்" என்று கண்ணன் தோளைத் தட்டினான். நடுவர் டாக்சியில் ஏறிப் போய்விட்டார்.

திரும்பும் ரயிலில் ராஜு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். "அந்தக் கயிறு மட்டும் இல்லாம இருந்தா இன்னிக்கு நாம மேல் டிவிஷன்" என்றார். ஹ்லெடான் ஸ்டேஷனில் ஒரு தடவை, தமைங்கில் ஒரு தடவை. மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது நான் கேட்டேவிட்டேன்: "அந்த நடுவர்கிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுனீங்களா? பிளேடு எடுக்கத் தெரிஞ்சுது, வாயைத் தொறக்கத் தெரியலையா?"

"அக்கா, விடுங்க" என்றான் கண்ணன்.

அப்போது மீனா தலையைத் தூக்கினாள். "அப்பா, எனக்கு ஜுரம் வந்ததாலயா தோத்தோம்?"

ராஜு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லடா தங்கம்" என்றான் கண்ணன். "அப்பா பந்தைத் தப்பா உதைச்சேன். கயிறு இருந்தது கையில, உதைச்சது காலு."

பிள்ளை தலையாட்டினாள். நம்பியதாக எனக்குத் தெரியவில்லை. இன்சீன் வரும்வரை தன் கையால் அந்தக் கயிற்றை மூடிப் பிடித்துக்கொண்டே வந்தாள், யார் கண்ணிலும் படாமல்.

மறுநாள் கண்ணன் பூமிதித்தான். பூசாரி கயிற்றை அவிழ்த்தார். ராஜு முதல் வரிசையில் கைகூப்பி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, கோயில் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது, மார்ச் கொளுத்தும். டாலர் நோட்டு மடிப்பு இல்லாமல் புதிதாக இருக்கவேண்டும், கசங்கினால் வாங்கமாட்டார்கள். கார்டை நம்பாதீர்கள். மைதானங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, நிழலும் இல்லை, தொப்பியும் குடையும் எடுத்துப் போங்கள். இருட்டுவதற்குள் ஓட்டலுக்குத் திரும்பிவிடுங்கள். கிளம்பும் முன் நாட்டு நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்களைப் படம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். தமிழ் பேசினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், பதில் பர்மியத்தில் வந்தாலும் சோறு தமிழ்ச் சோறாக இருக்கும்.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி என்றால் எல்லா மணிக்கட்டுக்கும் விதி, அவ்வளவுதான். நடுவர் இதைப் படிக்கப் போவதில்லை. ஆனால் ராஜு படிப்பார், என் பதிவுகளை விடாமல் படிக்கிறவர் அவர். ராஜு அண்ணே, மேல் டிவிஷனைப் பற்றி எனக்கு நீங்கள் ஒரு பதிலும் சொல்லவேண்டாம். உங்கள் கடையிலிருந்து கண்ணன் வீடு நாலு தெரு. போய் அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, உன்னால் தோற்கவில்லை என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். அவள் அப்பா சொன்னதை அவள் நம்பவில்லை.