அட்டைப் பூச்சிக்குக் கைதட்டல்

போன வாரம் விவசாயிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்ற எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டுப் போனேன். மைக் மாட்டிய இளைஞர் ஒருவர் வந்ததும் வராததுமாக எல்லோரையும் எழுப்பி, பந்தைத் தூக்கிப் போட்டு, பிடித்தவர் பேர் சொல்ல வேண்டும் என்றார். கூட்டத்தைக் கலகலப்பாக்குகிறாராம்! பிறகு என் கையில் ஒரு வண்ண அட்டையைத் திணித்து, சுவரில் ஒட்டச் சொன்னார். கோந்து வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், சாலவாக்கம் ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூர்ப் பக்கம் வேளாண்மை உதவியாளனாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். விவசாயிகளிடம் சும்மா பேசக் கூடாது, அவர்களையும் பங்கெடுக்க வைக்க வேண்டும் என்று எங்கள் அதிகாரிக்கு மேலிடத்து உத்தரவு. அதற்கென்றே கம்பளித் துணி போர்த்திய ஒரு பலகை வந்தது. அட்டையில் பயிரும் பூச்சியும் வெட்டி, பின்னால் கோந்து தடவி உப்புத்தாள் ஒட்டினால், அந்தத் துணியில் பிடித்துக்கொள்ளும். வெட்டுவது என் வேலை. ஒரு கால் குறையாமல் வெட்டுவேன். நிஜப் பூச்சியைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது.

சாலவாக்கம் கூட்டத்தில் அன்றைய தலைப்பு தண்டு துளைப்பான் என்ற நெற்பூச்சி. அதிகாரி ஆரம்பிப்பதற்குள் கன்னியம்மாள் எழுந்தார். குத்தகைக்கு அரைக் காணி பயிர் வைத்திருந்தவர். மடியிலிருந்து, வேரோடு பிடுங்கிய ஒரு நெற்குத்தை எடுத்துக் காட்டினார். அடியெல்லாம் பொடிப் பூச்சி.

"சார், வட்டம் வட்டமா கருகிக்கினு வருது. இன்னா அடிக்கறதுங்க?"

"அது புகையான்மா. அது அடுத்த மாசம். இன்னிக்குத் தண்டு துளைப்பான். நீயே வந்து ஒட்டு, பாக்கலாம்."

பாவம், குத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் அட்டைப் பூச்சியை அட்டைப் பயிரில் ஒட்டினார். அதிகாரி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். "பாத்தியா, எப்படிக் கலந்துக்கறாங்க!" என்று என்னிடம் பூரித்துப்போனார். கன்னியம்மாள் மறுபடி வாயைத் திறந்தார். அதற்குள் டீ வந்துவிட்டது. நிஜப் பூச்சி தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது, அதைப் பற்றிப் பேச நாதியில்லை. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த மாதம் சொன்னபடி புகையானோடு போனோம். அதிகாரி ஆளைக்கூட மறக்கவில்லை.

"வாம்மா, இன்னிக்கு உன் பூச்சிதான். வந்து ஒட்டு."

கன்னியம்மாள் அசையவில்லை. "உங்க பலகையில பயிரு கீது, ஒட்டிக்கலாம். என் கயனியில எங்க கீது?"

அன்று ஒருவரும் கைதட்டவில்லை. அதிகாரி தானே பூச்சியை ஒட்டி, தானே எடுத்துக்கொண்டு ஜீப் ஏறினார்.

பயிற்சி முடியும்போது அந்த இளைஞர், "ஏதாவது கேள்வி?" என்றார். பந்து பிடித்த கைகளில் ஒன்றுகூட எழவில்லை. கருகிய பயிரை மடியில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வருகிறவர்கள் இப்போது வருவதே இல்லை. கைதட்ட வைத்தே அனுப்பிவிட்டோம்.