கைலாசநாதனும் கடைசிவரிசைக்காரனும்

பத்தொன்பது வயதில், 1924-ஆம் வருஷம், மதுரை நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்தார் கைலாசநாதன். பிறந்தவர்கள் பெயரையும் இறந்தவர்கள் பெயரையும் எழுதுகிற வேலை. நாள் முழுக்க ஊரார் பெயரை எழுதிய அந்த மனிதருக்குத் தன் பெயரை அச்சில் பார்ப்பதென்றால் மட்டும் கூச்சம்.

மாலையானால் கச்சேரி. ஆடி வீதியிலோ, தல்லாகுளத்திலோ, கல்யாண வீட்டிலோ, எங்கே சுருதி கேட்டாலும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். யாரிடமும் அவர் சங்கீதம் படித்ததில்லை. கோவில் நாகஸ்வரத்தின் பின்னால் நான்கு வீதியும் நடந்து நடந்து வந்த ஞானம். பாடத்தான் வராது. வாயைத் திறந்தால் மனைவி தர்மாம்பாள், "போதும்ங்க, பசு மிரளுது" என்பாள்.

அவளுக்கு அபாரமான குரல். அடுப்படியைத் தாண்டி அது வெளியே போனதில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அவர் கச்சேரியை வர்ணிப்பார். அவள் பாடிக் காட்டி, "இப்படியா? இல்ல, இப்படியா?" என்று கேட்பாள். அந்தப் பேச்சையே ஒருநாள் எழுதி 'வைகைத்தூது' வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். ஆசிரியர் சாம்பசிவம் அதை அப்படியே போட்டார். எழுதியவர் பெயர்: கடைசிவரிசைக்காரன்.

ஊர் அந்தப் பெயருக்குப் பயந்தது. "வித்துவான் காம்போதியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் என் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தூக்கம் தூங்கி எழுந்தார்" என்று ஒருமுறை எழுதப்போக, வித்துவானின் சிஷ்யர்கள் மூன்று நாள் பத்திரிகை ஆபீஸ் வாசலில் நின்றார்கள். எழுதியவர் யாரென்பதை சாம்பசிவம் கடைசிவரை சொல்லவில்லை.

அதே பத்திரிகையில் கைலாசநாதன் பாட்டும் எழுதினார். பாட்டை மட்டும் சொந்தப் பெயரில் போடும்படி தர்மாம்பாள் வற்புறுத்தியிருந்தாள். யுத்தகாலக் காகிதப் பஞ்சத்தில் பத்திரிகை எட்டுப் பக்கமாகச் சுருங்கிய பிறகும், தீப்பெட்டி அளவு இடத்தில் வைகையைப் பற்றி அவர் எழுதிய பாட்டு ஒன்று வந்தது.

*மணலுக்குள் ஒளிந்திருந்த மகளே – உன்*
*வரவுக்குக் கரையெல்லாம் திருநாளே*

1943 நவராத்திரி. அன்று சின்னத்தாயின் கச்சேரிக்குத் தர்மாம்பாளையும் கூட்டிப்போயிருந்தார். திருவாதவூர் விவசாயக் குடும்பத்துப் பெண். நாடக மேடையில் பேர் வாங்கிவிட்டு அப்போதுதான் கச்சேரிக்கு வந்திருந்தாள். அண்ணன் முத்திருளன் மிருதங்கம். நடுவில் மோகனத்தை எடுத்தாள். "மணலுக்குள் ஒளிந்திருந்த" என்று ஆரம்பித்ததும் கைலாசநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் இருந்த தர்மாம்பாளின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். தன் பாட்டை இன்னொருவர் வாயில் அவர் கேட்டது அதுதான் முதல்முறை. கண் நிறைந்துவிட்டது.

பிறகு சரணம் வந்தது. *தட்டுத் தடுக்குற்றுத் தத்திக் குதித்துற்று* என்று எழுதியிருந்தார். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாடினால் நின்று மூச்சுவிட ஒரு நெடில் கிடையாது. சின்னத்தாய்க்கு மூச்சு முட்டியது. முத்திருளன் சட்டென்று மிருதங்கத்தில் ஒரு தீர்மானம் வைத்து, அந்த அடியை அங்கேயே முடித்துத் தங்கையைக் காப்பாற்றினான். ஜனங்கள் கைதட்டினார்கள். கைலாசநாதன் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்தும் பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன யோசனை?" என்றாள் தர்மாம்பாள். "ஊர்ல ஒருத்தர விடாம எழுதுறீக. உங்கள மட்டும் விட்டுருவீகளோ?"

அந்த வார விமர்சனத்தில் சின்னத்தாயின் மோகனத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டு இப்படி முடித்தார்: "சரணத்தில் பாடகிக்கு மூச்சு முட்டியது அவர் குற்றமன்று. பாட்டெழுதிய கைலாசநாதன் என்பவர் கண்ணால் எழுதியிருக்கிறார், வாயால் எழுதவில்லை. தம் சரணத்தைத் தாமே பத்துத் தடவை பாடிப் பார்ப்பது அவருக்குத் தக்க தண்டனை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. ஒரு கூடை வெள்ளரிப் பிஞ்சோடு சின்னத்தாயும் முத்திருளனும் இறங்கினார்கள். விலாசம் கொடுத்தவர் சாம்பசிவம். அவர்கள் கேட்டது கவிஞரின் விலாசம். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஐயா, நாந்தான் சின்னத்தாய். உங்க பாட்டப் பாடுனவ. அந்தக் கடைசிவரிசைக்காரன் எழுதுனதப் பாத்து மனசு ஒடஞ்சிறாதீக. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று கைலாசநாதன் இழுத்தார்.

"அவனுக்கு என்ன தெரியும்? ஒரு பாட்டுக் கட்டிருப்பானா? எம்புட்டு ஆசையா எழுதுன மனுசன இப்படியா ஏசுறது?"

முத்திருளன் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டான். "அந்தாளு மட்டும் என் கையில கெடைக்கட்டும், முதுகுலயே ஆதி தாளம் வாசிச்சுப்புடுறேன்."

காபி கொண்டுவந்த தர்மாம்பாளின் கையில் டம்ளர்கள் கிலுகிலுத்தன. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போயிற்று. "வாசிங்கண்ணே, தாராளமா வாசிங்க. ஆளு உங்க முன்னாடிதான் ஒக்காந்திருக்காக!"

கைலாசநாதன் பிடிபட்ட திருடனைப் போல விழித்தார். சின்னத்தாய் அவரைப் பார்த்தாள், அவர் மனைவியைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தன்னைத்தானே ஏசுன மனுசன இன்னைக்குத்தான் பாக்குறேன்! சரி, நீங்க சொன்னது நெசந்தான். வரிய மாத்துங்க, இப்பவே."

அன்று மதியம் வரை உட்கார்ந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல, அவள் பாடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் *ஆடிவா, அலைவீசி ஓடிவா* என்றார். அடுப்படியிலிருந்து தர்மாம்பாள் தன்னை மறந்து அந்த வரியைப் பாடினாள். 'ஓடிவா'வில் குரல் மேல் ஸட்ஜத்துக்குத் தாவி, அங்கேயே நின்று கொஞ்சம் அசைந்துவிட்டு இறங்கியது.

சின்னத்தாய் எழுந்து நேரே அடுப்படிக்குப் போனாள். "யக்கா, இம்புட்டையும் வச்சுக்கிட்டா ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டு இருக்கீக? இன்னொரு தரம் பாடுங்க."

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு அந்த வண்டி வரும். அவர் எழுதுவார், தர்மாம்பாள் மெட்டுப் போடுவாள், சின்னத்தாய் மேடைக்குக் கொண்டுபோவாள். மூன்று வருஷத்தில் முப்பத்திரண்டு பாட்டுகள் சேர்ந்தன. கச்சேரிகளில் "மெட்டு, மதுரை தர்மாம்பாள்" என்று சின்னத்தாய் உரக்கச் சொல்லும்போதெல்லாம் கைலாசநாதன் முன்னால் இருப்பவர் தோளைத் தட்டி, "நம்ம வீட்டுக்காரிதான்" என்பார்.

பாட்டுகளைப் புத்தகமாகப் போடுவதென்று முடிவான சமயம், புருஷனும் பெண்சாதியும் சமயநல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினார்கள். பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓடிய கரிவாயு பஸ் வழக்கம்போல வழியில் படுத்துவிட்டது. டிரைவர் கரியைக் கிளறிக்கொண்டிருக்க, பக்கத்து வயலில் நாற்று நட்ட பெண்களின் பாட்டுக் கேட்டது. மோகனம்! தங்களுடைய வைகைப் பாட்டு! ஆனால் "கரையெல்லாம் திருநாளே" அங்கே "வயலெல்லாம் திருநாளே" ஆகியிருந்தது.

கைலாசநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினார். "தாயி, அது வயலெல்லாம் இல்ல, கரையெல்லாம்."

முன்னால் நின்று நட்ட ராமக்காள் என்பவள் நிமிர்ந்து பார்த்தாள். "கரைக்கு என்ன திருநாளு? கரையா வெள்ளாமை வெளையிது? பாட்டுத் தெரியாட்டிப் பேசாமப் போங்கய்யா."

பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் கைலாசநாதன். வரப்பிலேயே நின்று சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். 1947-இல் புத்தகம் வெளிவந்தபோது அதில் வயலெல்லாம் என்றே இருந்தது.