அரிசியை விழுங்கிய பிணம்

கருப்பண்ணனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. எங்கள் களத்தில் மிளகு மூட்டையை இறக்கியதும் "உட்காருங்க" என்று சொன்னால் குத்துக்காலிடுவார். மோர் வருவதற்குள் எழுந்து கட்டுத்தறி வரை போய் மாட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பார். நடையும் தனி. கொல்லிமலையில் வளப்பூர் நாட்டிலிருந்து எங்கள் முள்ளுக்குறிச்சிக்குச் சுமையோடு இறங்கிப் பழகிய கால்கள் அவை. சமதரையிலும் முழங்கால் மடங்கியே இருக்கும், உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும், கைகள் இரண்டும் இல்லாத சுமையைப் பிடித்தபடி அந்தரத்தில் நிற்கும். சந்தையில் பிள்ளைகள் பின்னாலேயே அப்படி நடந்து காட்டும். அவரோ இன்னும் கொஞ்சம் சாய்ந்து நடந்து அவர்களைச் சிரிக்கவைப்பார்.

இந்த நடைதான் அவரைச் சாகடித்தது.

யுத்த காலம். நான் திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு ஊரில் இருந்தேன். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடம் மிதித்த முதல் ஆளும் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்த வருஷம் மாசியில் ஒரு படக் கம்பெனி அடிவாரத்து இடிந்த மண்டபத்தில் வந்து இறங்கியது. ஒரு காமிரா, இரண்டு மாட்டுவண்டி நிறைய துணி, சுடுகாட்டிலிருந்து பிணங்கள் எழுந்து ஜமீன்தாரைப் பழிவாங்கும் ஒரு கதை. பிணங்களுக்குத்தான் ஆள் இல்லை. பலாப்பழம் சுமந்து இறங்கிக்கொண்டிருந்த கருப்பண்ணனைப் பார்த்து டைரக்டர் துள்ளினாராம்: "பிணம் நடந்தால் இப்படித்தான் நடக்கும்!"

அவரையும் கூட வந்த ஏழு பேரையும் பிடித்து, முகத்தில் அரிசி மாவைப் பூசி, கண்ணைச் சுற்றி அடுப்புக்கரி தேய்த்தார்கள். எட்டுப் பேரும் காமிராவுக்கு முன்னால் நடந்து, பின்பக்கமாக ஓடிவந்து மறுபடி முன்னால் நடந்து எண்பது பிணமானார்கள். கருப்பண்ணன் தலைமைப் பிணம். அவர் செத்த கதையைப் பின்னோக்கிக் காட்ட, பாடையில் கிடத்தி வாய்க்கரிசி போடும் காட்சி ஒன்றும் படத்தின் நடுவே இருந்தது.

வைகாசியில் அந்தப் படம் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கே வந்தது. பேர் 'எழுந்த பிணம்'. முதல் நாள் எங்கள் ஊர்க்காரர்கள் பயந்து பெஞ்சு மேல் ஏறினார்கள். இரண்டாம் நாளே பயம் போய்விட்டது. "இந்தப் பொணம் இப்பத்தானடா அந்தப் பக்கம் போச்சு!" என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பிணத்தின் காலில் டயர் செருப்பு இருந்ததை எங்கள் தெரு ராசாமணி கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து, அந்த இடம் வரும்போதெல்லாம் "செருப்பு, செருப்பு!" என்று கொட்டகையே கத்தும்.

மூன்றாம் நாள் மலையிலிருந்து முப்பது பேர் இறங்கினார்கள். கருப்பண்ணனின் மனைவி அத்தாயியும் வந்தாள். கருப்பண்ணன் அன்று ராசிபுரத்துக்கு மிளகோடு போயிருந்தார். தங்கள் ஆட்களைத் திரையில் பார்த்து மலைக்காரர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். பாடைக் காட்சி வந்தது. புரோகிதர் வேஷக்காரர் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கருப்பண்ணன் வாயில் போட்டார்.

சிரிப்பு அப்படியே நின்றது. முப்பது தலைகளும் குனிந்தன. வாய்க்கரிசி விழும்போது பிணத்தின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். குனிந்த தலையோடு அத்தாயி ஓலமிட்டாள். முப்பது பேரும் எழுந்து, திரையைத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்கள்.

மறுநாள் கருப்பண்ணன் மலையேறியபோது, ஊர் எல்லையிலேயே ஊர்க்கவுண்டர் அப்பாசாமி கையை நீட்டித் தடுத்துவிட்டார். வாய்க்கரிசி வாங்கியவன் வீடு ஏறக் கூடாது. பதினாறாம் நாள் அத்தாயி தாலியை அறுக்க வேண்டும்.

அவர் நேராக எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார். களத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டே பேசினார்.

"நான் சாகலைங்க தம்பி."

"தெரியுதுங்களே."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? அந்த அரிசியை நான் முழுங்கிட்டேனுங்க. காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படலை. வாயில அரிசி விழுந்துது, மென்னு முழுங்கிட்டேன். டைரக்டரு குதிச்சாரு. காமிராக்காரரு, பிலிமுக்கே ரேசன், மறுபடி எடுக்க மாட்டேன், இருக்கறது இருக்கட்டும்னுட்டாரு. முழுங்குனவன் எப்படிங்க பொணம் ஆவான்?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. செருப்புக்கு அடுத்தபடியாகக் கொட்டகை கத்தும் இடம் அதுதான். தொண்டை ஏறி இறங்குவது திரை முழுக்கத் தெரியும்.

"இதைக் கவுண்டர்கிட்டச் சொல்லலையா?"

"சொன்னேனே! செத்தவன் சொல்லு சாட்சிக்கு ஆகாதுங்கறாரு."

அந்தப் படம் வியாழக்கிழமையோடு வேறு ஊருக்குப் போகிறது. செவ்வாய்க்கிழமை நான் மலையேறினேன். என் பி.ஏ.யை நம்பித்தான் ஏறினேன். நிழலும் ஒளியும் சேர்ந்ததுதான் சினிமா, பாடை நிஜமில்லை, புரோகிதர் நிஜமில்லை என்று விளக்கிக்கொண்டே போனேன். அப்பாசாமிக் கவுண்டர் வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"முடிச்சுட்டீங்களா தம்பி? படம் பொய்யின்னு எங்களுக்கும் தெரியும். ஆனா வாயில போட்ட அரிசி நெசந்தானே?"

கருப்பண்ணன் அதை முழுங்கிவிட்டார் என்றேன்.

"யாரு பார்த்தா?"

"ஊரே பார்த்துச் சிரிக்குதுங்க."

"உங்க ஊரு சிரிப்பு உங்க ஊருக்கு. எங்க வழக்கத்துக்கு எங்காளு பார்த்திருக்கோணும்." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "முழுங்குனது நெசம்னா பொணமில்லை. அது சரிதான். வந்து பார்க்கறேன்."

அத்தாயி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாலிக் கயிற்றைச் சுற்றி விரல்கள் இறுகியிருந்தன.

வியாழக்கிழமை முதல் ஆட்டம். கவுண்டர் என் பக்கத்தில் மணல் தரையில் சம்மணமிட்டார். பெண்கள் பக்கம் அத்தாயி. கருப்பண்ணன் உள்ளே வரக் கூடாது. பிணத்தோடு ஒரே கூரையில் உட்கார முடியாதே. அவர் கொட்டகையை வெளியே சுற்றிக்கொண்டிருந்தார். படுதாவின் கிழிசல் வழியாக ஒவ்வொரு சுற்றிலும் அவர் நிழல் கடந்துபோனது.

"செருப்பு, செருப்பு!" என்று கத்தல் எழுந்தது. வெளியே நடை வேகமானது.

"கவுண்டரே, அடுத்தது அதுதான். தலையைக் குனிஞ்சராதீங்க" என்றேன்.

"சரி சரி."

பாடை வந்தது. புரோகிதர் அரிசியை அள்ளினார். கை வாயருகே போனது. அறுபது வருஷப் பழக்கம், கவுண்டரின் கழுத்து தானாக மடங்கியது. நான் தோளைப் பிடித்து உலுக்குவதற்குள், "முழுங்கிட்டான்டா! பசிக்குதாண்டா பொணமே?" என்று கொட்டகை வெடித்துச் சிரித்தது. கவுண்டர் நிமிர்ந்தபோது திரையில் சுடுகாடு வந்திருந்தது.

"என்னாச்சு? போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

"இன்னொருக்கா ஓட்டச் சொல்லுங்க தம்பி."

ஓடிப்போய்க் கேட்டேன். மிஷின்காரர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ரீலைத் திருப்பிச் சுத்தறதுக்கு நீ யாரு, ஜில்லா கலெக்டரா?" என்றார். அடுத்த ஆட்டத்துக்கு வேறு படம். படப்பெட்டியை ஏற்றிப்போக வண்டியும் கட்டி நிற்கிறது. வெளியே கருப்பண்ணனின் காலடி நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்து அவர் நடை நின்றது அந்த ஒரு முறைதான்.

பெண்கள் பக்கத்தில் அத்தாயி எழுந்து நின்றாள்.

"நான் பார்த்தேனுங்க."

"உக்காரும்மா, படம் மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அவள் உட்காரவில்லை.

கவுண்டர் திரும்பினார். "நீ தலை குனியலையா?"

"குனியலைங்க."

"வழக்கம் தெரிஞ்சவதானே நீ?"

"அது செத்தவங்க மொகத்துக்குத்தானுங்களே? அவரு சாகலைன்னா நான் எதுக்குங்க குனியோணும்?"

திரையில் பிணங்கள் ஜமீன்தாரைத் துரத்திக்கொண்டிருந்தன. கவுண்டர் அதையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தரை மணலை விரலால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"தொண்டை அசைஞ்சுதா?" என்று கடைசியில் கேட்டார்.

"ரெண்டு தடவைங்க. மொத வாய் சிக்கிக்கிச்சு. ஊட்டுலயும் அவரு அப்படித்தான், அவசரமா முழுங்குவாரு."

கவுண்டரின் மீசைக்குள் சிரிப்பு ஓடியது. "சரி, கூட்டிட்டுப் போ" என்றார்.

அவள் வாசலில் பொரி விற்பவளிடம் ஒரு கை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். கருப்பண்ணன் படுதாக் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"வாயைத் திறங்க" என்றாள் அத்தாயி.

திறந்தார். பொரியைப் போட்டாள். அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"முழுங்குங்க."

தொண்டை ஏறி, சிக்கி, மறுபடி ஏறி இறங்கியது.

"கவுண்டரு என்னதான் சொன்னாரு?" என்றார் அவர், கண் கலங்க.

"ஊட்டுக்கு வரச் சொன்னாரு."

விடிந்ததும் கிளம்பலாம் என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள், முழங்கால் மடங்க, முன்னால் சாய்ந்து, மலைப் பாதையில் பாதித் தூரம் போயிருந்தார்.

"ஏனுங்க, இருங்க! நானும் வாரேன்!" என்று அத்தாயி மடியில் மீதிப் பொரியைக் கட்டிக்கொண்டே ஓடினாள்.