வடை, சந்து, புளி

என் கணவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறது என்ற சந்தேகம் எனக்கு வந்தது ஒரு கல்யாணத்தன்று. எங்கள் டிராக்டரைப் பழுதுபார்ப்பவரின் மகளுக்குத் திருவாரூரில் கல்யாணம். நான் நாகப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருந்தேன். "காலையில திருவாரூர் மண்டபத்துக்கு வந்துடுங்க, நானும் நேரா அங்க வந்துடுறேன்" என்று போனில் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் "சரி, சரி" என்றார்.

மறுநாள் மண்டபத்தில் ஆளைக் காணோம். போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"மண்டபத்துலதான். பந்தியில உக்காந்துட்டேன். பாயசம் பிரமாதம், சீக்கிரம் வா."

"பொண்ணோட அப்பா எங்க?"

"அவரைத்தான் நானும் தேடுறேன்."

அவர் உட்கார்ந்திருந்தது திருவையாற்றில், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று நினைத்து இரண்டாவது தடவை பாயசம் ஊற்றியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். வெந்தயம் வாங்கிவரச் சொன்னால் இரண்டு கிலோ வெங்காயத்தோடு வந்தார். கேட்டால், "நீதான் வெங்காயம்னு சொன்ன" என்று சாதித்தார். மறதி வந்தவர்கள் அப்படித்தான் சாதிப்பார்கள் என்று மகளிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில் சொந்த மனைவியையே "நீங்க யாரும்மா?" என்று கேட்டதைப் பார்த்தவள் நான். அது நினைவுக்கு வந்த இரவுகளில் தூக்கம் வரவில்லை.

ஒரு ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்ததும், பங்கு மண்டபத்தில் வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஞாபகப் பரிசோதனை செய்கிறார்கள் என்று சாமியார் அறிவித்தார். இவர் வர மறுத்தார்.

"சம்பா நடவு தலைக்கு மேல கெடக்கு. எனக்கு என்ன மறந்துடுச்சு இப்ப?"

"மறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டார்.

நர்ஸ் அவர் எதிரில் உட்கார்ந்து, ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, காதில் ஹெட்போன் மாட்டினார். முதல் தொல்லை விரல். நாற்பது வருஷம் சேறும் மண்வெட்டியும் கண்ட விரல்; கண்ணாடித்திரை அதை விரலாகவே மதிக்கவில்லை. காலிங் பெல்லை அழுத்துவதுபோல் அழுத்தினார். நர்ஸ் ஈரத்துணியால் விரலைத் துடைத்துவிட்ட பிறகுதான் திரை இணங்கியது.

அடுத்து ஹெட்போனில் ஐந்து சொற்கள் கேட்கும், அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நர்ஸுக்கு முன்னால் இருந்த திரையில் அவை தெரிந்தன. நான் எட்டிப் பார்த்தேன். குடை, பந்து, கிளி, சாவி, பாலம்.

இவர் கம்பீரமாகச் சொன்னார்: "வடை, சந்து, புளி, காவி, காலம்."

பசியில் வடை என்கிறாரோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஐந்தும் தப்பு.

பிறகு எண்களை வரிசையாகக் கோடுபோட்டு இணைப்பது, முன்பு காட்டிய படங்களைக் கண்டுபிடிப்பது. அதெல்லாம் மளமளவென்று முடித்தார். பத்து நிமிஷம் கழித்து நர்ஸ் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, முகத்துக்கு நேரே கேட்டார்.

"ஐயா, முதல்ல கேட்ட அஞ்சு வார்த்தை ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? வடை, சந்து, புளி, காவி, காலம்."

அதே ஐந்து. அதே வரிசை. டேப்லெட் சிவப்பாக ஒரு பெட்டியைக் காட்டி, மருத்துவரைப் பார்க்கச் சொன்னது. நர்ஸ் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, மறந்தவங்க இப்படிச் சொல்ல மாட்டாங்க. ஐயாவுக்குக் காது சரியாக் கேக்கல. கேட்டதை அப்படியே ஞாபகம் வெச்சிருக்காரு."

திருவாரூர், திருவையாறு. வெந்தயம், வெங்காயம். எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது, சிரிப்பு முந்திக்கொண்டது. இவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நான்தான் சொன்னேனே" என்ற அந்த முகத்தை ஒரு மாதம் சகித்துக்கொண்டேன்.

தஞ்சாவூர்க் காது டாக்டர், டிராக்டரின் இரைச்சல் இரண்டு காதையும் கெடுத்துவிட்டது என்றார். காதுக்கருவி மாட்டிய முதல் நாள் வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் என்னிடம் கேட்டது: "ஏன் இப்படிக் கத்துற?" வருஷக்கணக்காக நான் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கருவியோடு மறுபடி பரிசோதித்தபோது ஐந்து சொல்லும் சரி. நர்ஸ் ஹெட்போனை என் பக்கம் நீட்டினார். அடுப்பில் பால் இருக்கிறது என்றேன்.

"அடுப்பை அணைச்சாச்சு, நான்தான் அணைச்சேன். உக்காரு" என்றார் இவர்.

உட்கார்ந்தேன். ஐந்தில் மூன்றுதான் வந்தது. மற்றதெல்லாம் நன்றாக இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் மறுபடி பார்ப்போம் என்றார் நர்ஸ். நான் மறந்துபோன இரண்டு சொல்லையும் நர்ஸின் திரையில் எட்டிப் பார்த்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் வீடு வரும்வரை இவர் பாட்டாகவே பாடிக்கொண்டு வந்தார்.